கான்கிரீட் ஊற்றும் முன்பே ஓடும் ஆலை: அந்தத் திரையில் நிற்பது யார்?

தாம்பரத்திலிருந்து ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு போகிறவர்களுக்கு மறைமலை நகர் ஃபோர்டு ஆலையைத் தெரியாமல் இருக்காது. 2022 ஜூலையில் கடைசி எக்கோஸ்போர்ட் கார் வெளியே வந்ததோடு அங்கே லைன் நின்றது. 2025 அக்டோபர் 31 அன்று அந்த நிறுவனம் மறுபடி வருவதாகத் தமிழ்நாடு அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 இன்ஜின்கள், உற்பத்தி தொடங்குவது 2029இல். அன்றைக்கு எல்லோரும் கேட்ட கேள்வி, "எத்தனை பேருக்கு வேலை?" 600 பேருக்கு மேல் என்று பதிலும் வந்தது. யாரும் அதிகம் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கையெழுத்து 2025இல், உற்பத்தி 2029இல் என்றால் நடுவில் என்னதான் செய்வார்கள்?

கட்டடம், மெஷின் ஆர்டர், ஆள் எடுப்பது எல்லாம் உண்டு. ஆனால் இன்றைய வாகனத் துறையில் இந்தக் காலத்தின் ஒரு நல்ல பகுதி கம்ப்யூட்டருக்குள் கழிகிறது. வராத மெஷினும் சேராத தொழிலாளியும் திரையில் ஏற்கெனவே ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதுதான் உற்பத்தி லைன் சிமுலேஷன்.

69 விநாடிக்கு ஓர் இன்ஜின்

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 300 நாள், நாளைக்கு 2 ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு ஏழரை மணி நேரம் நிஜமான வேலை என்று வைத்துக்கொள்வோம். (இது உதாரணத்துக்குப் போட்ட கணக்கு, நிறுவனம் சொன்னதல்ல.) 2,35,000 இன்ஜின் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 783. அதாவது 69 விநாடிக்கு ஒன்று லைனைவிட்டு இறங்கியாக வேண்டும். ஆலைக்காரர்கள் இதை 'டாக்ட் டைம்' என்பார்கள். லைனில் இருக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் வேலையை இந்த நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

எக்ஸெல்லில் போட்டால் இது ஐந்து நிமிஷ வேலை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், மெஷின்கள் ரிப்பேர் ஆகும். ஒவ்வொரு ஸ்டேஷனும் 98 சதவீத நேரம் நன்றாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நல்ல நம்பர்தான். இப்படி 10 ஸ்டேஷன்களை நடுவில் இடமே விடாமல் வரிசையாக இணைத்தால், ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். மொத்த லைனும் சேர்ந்து ஓடும் நேரம் 82 சதவீதமாக இறங்கிவிடும். 30 ஸ்டேஷன் என்றால் 55 சதவீதம்கூடத் தாண்டாது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லோரும் ஃபர்ஸ்ட் கிளாஸ். கூட்டாகப் பார்த்தால் பாதி நேரம் லைன் தூங்குகிறது.

இதற்கு மருந்து 'பஃபர்'. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே நாலைந்து பொருள்கள் காத்திருக்க இடம். முன்னால் இருக்கும் மெஷின் நின்றாலும் பின்னால் இருப்பவர் கொஞ்ச நேரம் வேலையை ஓட்டலாம். ஆனால் எங்கே வைப்பது, எத்தனை வைப்பது? அதிகம் வைத்தால் இடமும் பணமும் முடங்கும். குறைத்து வைத்தால் லைன் நிற்கும். சராசரியை மட்டும் வைத்து இதற்குப் பதில் கண்டுபிடிக்க முடியாது. எந்த மெஷின் எப்போது நிற்கும் என்பதைப் பகடை உருட்டுவது போல மாற்றி மாற்றிப் போட்டு, ஓர் ஆண்டு உற்பத்தியைச் சில நிமிடங்களில் நூறு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். சிமுலேஷன் செய்வது அதைத்தான்.

யோசனை புதிதல்ல. ஐபிஎம் நிறுவனத்தின் ஜெஃப்ரி கார்டன் இதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் மொழியை 1961இலேயே கொடுத்துவிட்டார். புதிது எது என்றால், வெறும் நம்பராக ஓடிய அந்த லைன் இப்போது லேசர் ஸ்கேன் செய்த தூண், குழாய், கூரை உட்பட முழு முப்பரிமாண ஆலையாகவே ஓடுகிறது.

பெயின்ட் தொட்டியைக் காலி செய்யாமலே

மறைமலை நகரைத் தாண்டினால் செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி. பிஎம்டபிள்யூவின் சென்னை ஆலை 2007 முதல் இங்கேதான் கார்களை இணைக்கிறது. மஹிந்திராவின் ஆராய்ச்சி மையமும், ரெனோ-நிசானின் தொழில்நுட்ப மையமும் இதே வளாகத்தில்தான். கார் கணினியில் பிறப்பதற்கும் தரையில் கோக்கப்படுவதற்கும் இடையே சில தெருக்கள்தான் தூரம்.

பிஎம்டபிள்யூ ஹங்கேரியின் டெப்ரெட்ஸனில் கட்டிய ஆலை, நிஜமாக ஓடுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே, 2023 மார்ச்சில், கணினிக்குள் 'திறக்கப்பட்டது'. நிஜக் கார்கள் அங்கிருந்து தொடர்ச்சியாக வரத் தொடங்கியது 2025இல். பழைய ஆலைகளிலும் இதனால் லாபம் இருக்கிறது. புது மாடல் கார் ஏற்கெனவே இருக்கும் லைனில் எங்காவது இடிக்குமா என்று பார்க்க, முன்பெல்லாம் வாகனத்தைக் கையால் லைன் முழுக்க நகர்த்திக்கொண்டு போவார்கள். பெயின்ட் பிரிவில் முக்கி எடுக்கும் தொட்டிகளைக்கூடக் காலி செய்ய வேண்டியிருக்கும். கிட்டத்தட்ட நாலு வாரம் பிடித்த இந்தச் சோதனை இப்போது மூன்று நாளில் முடிகிறது என்கிறது நிறுவனம். உற்பத்தித் திட்டமிடல் செலவில் 30 சதவீதம் வரை குறையும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. விற்கிறவர் சொல்லும் கணக்கு என்பதால் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்கலாம். தொட்டி விஷயம் மட்டும் யாருக்கும் புரியும் லாபம்.

மாமல்லபுரத்தில் முடிக்கப்படாத குடைவரைகளைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டிப் பிரித்து, கட்டம் கட்டமாகச் செதுக்கி உள்ளே போயிருக்கிறார்கள். பாறையில் 'அன்டூ' பட்டன் கிடையாது. ஆலையின் தரையில் போட்ட மெஷின் அஸ்திவாரத்துக்கும் கிடையாது.

திரையில் ஓடினால் தரையில் ஓடுமா?

எப்போதும் இல்லை. 2018இல் டெஸ்லா தன் மாடல் 3 காருக்காக ரோபோக்களையும் கன்வேயர்களையும் அடுக்கி வைத்தது. லைன் வேகம் எடுக்கவே இல்லை. சிக்கலான கன்வேயர் வலை ஒன்றையே பிடுங்கிப் போட்டார்கள். அளவுக்கு மீறி இயந்திரமயமாக்கியது தன் தவறுதான் என்று எலான் மஸ்க்கே ஒப்புக்கொண்டார்.

நம்மூரில் சிக்கல் இதைவிட எளிமையானது. மெஷின் எவ்வளவு நேரம் நின்றது என்று ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் எழுதுவது ஒரு மனிதர். 3 நிமிஷம் நின்றதை எழுதவே மாட்டார். 12 நிமிஷம் நின்றதை 10 என்று எழுதுவார். ஒரு நாளைக்கு இருபது முறை வரும் அந்தக் குட்டித் தடங்கல்கள்தான் லைனைக் கொல்கின்றன, அவை ரெஜிஸ்டரில் இல்லை. அந்த ரெஜிஸ்டரை நம்பிப் பல லட்சம் ரூபாய் சாஃப்ட்வேரை ஓட்டினால் வருவது அழகான கலர் கலரான பொய். பத்து வருஷம் அந்த மெஷினில் நின்ற ஆபரேட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் பாதிப் பொய் குறையும். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.

அந்த டிஜிட்டல் மனிதர் யார்?

இந்த விஷயத்தில் அதிகம் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். சிமுலேஷனில் மெஷின் மட்டும் இல்லை, மனித உருவமும் நிற்கிறது. குனிகிறது, எட்டுகிறது, 15 கிலோ தூக்குகிறது. எந்த அசைவு முதுகைக் கெடுக்கும், எது தோளைக் கெடுக்கும் என்று சாஃப்ட்வேர் சொல்லிவிடும். நல்ல விஷயம்தான், பலனும் நிஜம். உடல் அசைவுப் பதிவு, மெய்நிகர் சோதனை போன்றவற்றைப் பயன்படுத்தி அமெரிக்க ஆலைகளில் லைன் காயங்களை 70 சதவீதம் குறைத்ததாக ஃபோர்டு 2015இல் அறிவித்தது.

ஆனால் அந்த உருவத்தின் உயரம் யாருடையது? இத்தகைய மென்பொருள்களில் நெடுங்காலம் அடிப்படையாக இருந்த தரவுகளில் முக்கியமானது, அமெரிக்க ராணுவத்தினரிடம் 1988இல் எடுத்த உடல் அளவுகள். அந்த உடம்புக்கு வசதியான அலமாரி உயரம் செய்யூரிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் கம்பெனி பஸ் ஏறி வரும் 21 வயதுப் பெண்ணுக்கு எட்டாமல் போகலாம். அவர் நுனிக்காலில் நின்று எட்டுவார், ஒரு ஷிஃப்டில் 400 தடவை. திரையில் அந்த ஸ்டேஷன் பச்சை நிறத்தில் 'ஓகே' என்றே காட்டிக்கொண்டிருக்கும். இந்தியாவில் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இங்கே இது சின்ன விஷயமாக இருக்க முடியாது. இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இலேயே தேப்குமார் சக்ரவர்த்தியின் நூலை வெளியிட்டிருக்கிறது. மென்பொருளில் அளவுகளை மாற்றும் வசதியும் உண்டு. மாற்றச் சொல்லி யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எந்த மெஷின் சும்மா நிற்கிறது என்று காட்டும் அதே வரைபடம், எந்த மனிதர் 8 விநாடி சும்மா நிற்கிறார் என்றும் காட்டும். அந்த 8 விநாடியை வீண் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு வேலையைத் திணிக்கலாம். மூச்சுவிடும் நேரம் என்று விட்டும் வைக்கலாம். தொழிலாளியின் களைப்புக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பது சிமுலேஷனில் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம், அவ்வளவே. அக்னி நட்சத்திர மே மாதத்துக்கும் டிசம்பருக்கும் அங்கே ஒரே எண்ணைப் போட்டால் சாஃப்ட்வேர் ஏன் என்று கேட்காது. அந்தக் கட்டத்தில் என்ன எண் போட்டார்கள் என்பது தொழிற்சங்கத்துக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். லேஅவுட்டைக் காட்டித்தான் அனுமதி வாங்குகிறார்கள், இதையும் காட்டச் சொல்வதில் என்ன கஷ்டம்?

சின்ன கம்பெனிக்கும் மாணவருக்கும்

தரமணி டைடல் பார்க்கில் டிட்கோ, சீமென்ஸுடன் சேர்ந்து டான்சாம் மையத்தையும், டஸ்ஸோ சிஸ்டம்ஸுடன் சேர்ந்து டான்காம் மையத்தையும் 2022இல் தொடங்கியது. மறைமலை நகரில் 30 பேரை வைத்து ஃபிக்சர் செய்யும் கம்பெனி முதலாளிக்கு இது எவ்வளவு தூரம் தெரியும் என்பதில்தான் அவற்றின் வெற்றி இருக்கிறது.

இன்ஜினீயரிங் படிக்கிறவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. பைத்தான் தெரிந்தால் 'சிம்பை' இலவசம். 'ஜாம்சிம்' திறந்த மூல மென்பொருள். சீமென்ஸின் 'பிளான்ட் சிமுலேஷன்' மாணவர் பதிப்புக்கும் காசில்லை. முதல் மாடலாக ஆலையையே எடுக்க வேண்டும் என்பதில்லை. காலேஜ் கேன்டீன் போதும். ஒரு டோக்கன் கவுன்ட்டர், இரண்டு தோசைக்கல், ஒரு மணிக்கு வந்து குவியும் 200 பேர். மூன்றாவது தோசைக்கல் வாங்கினால் வரிசை குறையுமா, அல்லது நெரிசல் டோக்கன் கவுன்ட்டரில்தானா என்று ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும்.