வீட்டுக் காவலும் காமிராவும்

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய வாளையாறு, கஞ்சிக்கோடு, மலம்புழை ஆகிய ஊர்களிலும், தமிழ்நாட்டு எல்லையை அடுத்த இடுக்கி மாவட்டத்து மறையூர், மூணாறு, சின்னக்கானல், குமுளி ஆகிய மலையூர்களிலும் வீட்டுக் காவலுக்கென வீடியோ காமிரா பொருத்தும் வழக்கம் பரவியுள்ளது. எதனை வாங்குவது, எத்தனை வாங்குவது என்னும் வினாவுடன் மக்கள் நாடிச் செல்வது கடைக்காரரை மட்டுமன்று. ஊர்ப் பள்ளி ஆசிரியரையும், அடிக்கடி வந்துபோகும் கள ஊழியரையுமே ஆகும். அவ்வாறு யோசனை கூறும் பொறுப்புடையோர் முன் ஒரு கருத்தை வைக்க விரும்புகின்றோம். காமிரா நடந்ததைக் கூறும் சாட்சி. நடக்கவொட்டாமல் தடுக்கும் காவற்காரன் அன்று. எச்சரிக்கை யாரைச் சென்றடையும், அவர் எத்தனை நிமிடத்தில் என்ன செய்வார் என்பதற்கு விடை கிடைத்த பின்னரே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்பகுதியில் வீட்டிற்கு நேரும் ஆபத்து திருடனால் மட்டும் வருவதன்று. சின்னக்கானலில் அரிசியைத் தேடி வீடுகளையும் ரேஷன் கடையையும் உடைத்த அரிக்கொம்பன் என்னும் யானையைப் பலரும் அறிவர். பாலக்காட்டுத் தோணிப் பகுதியில் மக்களைக் கலங்கவைத்த பி.டி.7 என்னும் யானை 2023 ஜனவரி 22ஆம் தேதி பிடிக்கப்பட்டது. அரிக்கொம்பன் அதே ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்டு, கழுத்தில் ரேடியோ பட்டையுடன் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. எனினும், மே 27ஆம் தேதி அது தேனி மாவட்டத்துக் கம்பம் நகருக்குள் புகுந்தது. யானை இருக்குமிடத்தைப் பட்டை தெரிவிக்கலாம். அதன் வழியை மறிக்க அதனால் இயலாது. அறிதல் ஒன்று, தடுத்தல் மற்றொன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி, கண்காணிப்புக் கருவி பயன் தரும் முறைக்கு இரண்டு உதாரணங்களைக் காண்போம். வாளையாற்றை அடுத்து, கோவை மாவட்டத்து மதுக்கரை வனச்சரகத்தின் ஊடே இரண்டு ரயில் பாதைகள் செல்கின்றன. 2021 நவம்பர் 26ஆம் தேதி இரவு நவக்கரை அருகே விரைவு வண்டி மோதி மூன்று யானைகள் மாண்டன. தமிழ்நாடு வனத்துறை 2024 பிப்ரவரியில் அங்கு 12 கோபுரங்களில் 24 காமிராக்களைக் கொண்ட ஓர் அமைப்பைத் தொடங்கியது. அதற்கான செலவு 7.24 கோடி ரூபாய். இவற்றுள் வெப்பத்தைக் கொண்டே உருவைக் காட்டும் காமிராக்களும் உள்ளன. அவற்றிற்கு வெளிச்சம் தேவையில்லை. யானை பாதையை நெருங்குவதைக் கணிப்பொறி கண்டறிந்ததும், கட்டுப்பாட்டு அறையிலுள்ளோர் ரயில்வே ஊழியருக்கு அறிவிக்கின்றனர். வண்டியின் வேகம் குறைக்கப்படுகின்றது. களத்திலுள்ள வன ஊழியர் யானையை அப்பால் செலுத்துகின்றனர். இங்குக் காமிரா முதற்கண்ணி மட்டுமே. இரவு முழுவதும் விழித்திருக்கும் மனிதர் இல்லையேல் கோடி ரூபாய்க் கருவியும் வெறும் படப்பெட்டியாகும்.

இரண்டாவது உதாரணத்தில் காமிராவே இல்லை. பரம்பிக்குளத்திற்கும் எரவிகுளத்திற்கும் அண்மையிலுள்ள வால்பாறைப் பீடபூமி ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. தேயிலைத் தோட்டங்களும் காட்டுத் துண்டுகளும் கலந்து கிடக்கும் அப்பகுதியில், யானை அருகிலிருப்பதை அறியாமல் இருளில் எதிர்ப்பட்டதே பெரும்பாலான உயிரிழப்புக்குக் காரணமென ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆகவே, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் வனத்துறையின் ஒத்துழைப்புடன், யானை நிற்குமிடத்தைக் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியால் தெரிவிக்கும் ஏற்பாட்டைச் செய்தனர். தொலைபேசி அழைப்பினால் எரியவைக்கக்கூடிய சிவப்பு விளக்குகளையும் உயரமான இடங்களில் நிறுத்தினர். விளக்கு எரிந்தால் யானை அண்மையில் உள்ளது என்று பொருள். வேலை முடிந்து வீடு திரும்புவோர் எச்சரிக்கையடைவர். இப்பணிக்காக அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஆனந்தகுமாருக்கு 2015ஆம் ஆண்டின் விட்லி விருது வழங்கப்பட்டது. மதுக்கரையில் செலவு மிகுதி, வால்பாறையில் குறைவு. இரண்டிலும் பயன் விளைவது, செய்தி உரியவரை உரிய நேரத்தில் அடைவதனாலேயே.

காமிராதான் வேண்டுமென்று முடிவு செய்வோர் தம் ஊரின் தட்பவெப்பத்தை முதலில் கருத வேண்டும். ஆள் நடமாட்டத்தைக் கண்டு ஒலியெழுப்பும் மலிவான கருவிகள் பல, உடல்வெப்பத்திற்கும் சுற்றுப்புற வெப்பத்திற்கும் உள்ள வேறுபாட்டையே உணர்கின்றன. பாலக்காட்டில் பங்குனி, சித்திரை மாதங்களில் வெயில் 40 டிகிரி சென்டிகிரேடை எட்டும் நாட்கள் உண்டு. சுற்றுப்புறம் உடலையொத்த வெப்பநிலையை அடையும்பொழுது வேறுபாடு மறைந்து, கருவி மனிதனைக் காணாமல் விட்டுவிடக்கூடும். மூணாற்றின் மார்கழிக் குளிரிலோ வேறுபாடு மிகுதியாதலால், தெருநாய் கடந்தாலும் மணி ஒலிக்கும். வீண் ஒலியை நாள்தோறும் கேட்பவர் மெய்யான ஒலியையும் பொருட்படுத்தமாட்டார்.

இரவில் படமெடுக்கும் சாதாரணக் காமிராக்கள் தாமே அகச்சிவப்புக் கதிரை வீசி, அது பட்டு மீள்வதைக் கொண்டு உருவைப் பதிவு செய்கின்றன. மூடுபனியில் அக்கதிர் நீர்த்துளிகளிற் பட்டுச் சிதறித் திரும்புவதால் திரை முழுவதும் வெண்மையாகிவிடும். கதிரை நாடி வரும் பூச்சிகளும் அவற்றைப் பிடிக்க வலை பின்னும் சிலந்திகளும் மற்றொரு தொல்லை. இதற்குப் பரிகாரம் எளிது: கதிர் விளக்கைக் காமிராவினின்று சற்று விலக்கித் தனியே பொருத்துக, வாரம் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்திடுக.

அடுத்து, படத்தின் நுட்பம். பழக்கமில்லாத ஒருவரின் முகத்தை அடையாளங் காண, அவர் நிற்குமிடத்தில் ஒரு மீட்டர் அகலத்திற்கு 250 படப்புள்ளிகள் வேண்டுமென்பது சர்வதேச அளவுகோல். 1,920 புள்ளி அகலமுள்ள காமிரா இவ்வளவு தெளிவாகக் காட்டக்கூடியது ஏறத்தாழ 7.7 மீட்டர் அகலத்தையே. அதனை 20 மீட்டர் அகல முற்றம் முழுவதற்கும் திருப்பினால் மீட்டருக்கு 96 புள்ளிகளே கிடைக்கும். யாரோ வந்தார் என்பது தெரியும், வந்தவர் யார் என்பது தெரியாது. ஆதலின் ஒரே காமிராவால் அனைத்தையும் காண முயலாமல், கதவுக்கு நேராக ஒன்றைத் தாழ்வாக அமைப்பது நலம்.

சேமிப்பையும் மின்சாரத்தையும் பள்ளிக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதியும் காமிரா ஒரு நாளில் 21.6 கிகாபைட் இடத்தை நிரப்பும். நான்கு காமிராக்கள் 1,000 கிகாபைட் தட்டை ஏறக்குறைய 11 நாட்களில் நிரப்பிவிடும். அதன்பின் பழைய பதிவு அழியும். காமிராவும் இணையப் பெட்டியும் சேர்ந்து 15 வாட் கொள்ளுமாயின், 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலம் கணக்கின்படி ஐந்தரை மணி நேரமும், நடைமுறையில் அதனினும் குறைவாகவுமே தாங்கும். காற்றுமழையில் மரம் விழுந்து ஒரு பகலும் ஓர் இரவும் மின்சாரம் இல்லாதிருக்கும் மலையூருக்கு இது போதாது. ஐப்பசி இடிமழையைக் கருதி நிலத்தொடர்புக் கம்பியும் மின்னெழுச்சித் தடுப்பானும் அமைத்தல் இன்றியமையாதது.

இணையத்துடன் இணைந்த காமிரா தானும் ஒரு கதவே என்பதை மறத்தலாகாது. 2016ஆம் ஆண்டு மிராய் என்னும் தீய நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட காமிரா முதலிய கருவிகளைத் திரள் திரளாக வசப்படுத்திப் பெரிய இணைய தளங்களையே முடக்கியது. இந்திய அரசு இவ்வகைக் காமிராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கிய விதி 2025 ஏப்ரல் 9ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. வாங்குவோர் சான்று பெற்ற கருவியா என்று கேட்பதும், வீட்டிற்கு வந்தவுடன் கடவுச்சொல்லை மாற்றுவதும் கடமையாகும்.

தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களில் வேறொரு பிரச்னையும் உண்டு. சுவரோடு சுவராக நிற்கும் அவ்வீடுகளில் ஒருவர் வாசலிற் பொருத்தும் காமிராவின் பார்வையில் பலர் வாசல்களும் குளிக்கும் மறைவிடமும் அகப்படக்கூடும். ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளை அவர் இசைவின்றிப் படமெடுத்தல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். சட்டத்திற்கு அஞ்சி மட்டுமன்று, அயலார் நட்பைக் காக்கவும் காமிராவைத் தம் படியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரவில் அபயக்குரல் கேட்டு முதலில் ஓடி வருபவர் அந்த அயலாரே அன்றோ!

ஆதலால் செலவு செய்யும் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் உறுதியான கதவும் தாழ்ப்பாளும், அடுத்து வாசலுக்கும் வழிக்கும் விளக்கு, பின்னர் அயலாரோடும் வன ஊழியரோடும் தொலைபேசித் தொடர்பு, இவற்றின்பின் மிஞ்சிய பணத்தில் காமிரா. காட்டோரத்து வீடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே காமிரா வாங்குவதைக் காட்டிலும், ஊராட்சி முன்னின்று அனைவருக்கும் பொதுவான எச்சரிக்கை விளக்கு அமைப்பதே சிக்கனமும் சிறப்பும் ஆகும் என்பது எமது கருத்து. காமிரா வாங்க இயலாத ஏழையின் குடிசையும் அவ்விளக்கின் ஒளியிற் காவல் பெறும். கருவியின் விலையைக் கேட்டு வருவோரிடம், ஆசிரியரும் கள ஊழியரும் முதலில் இதனை எடுத்துரைப்பாராக.