தம்பியென்று சொன்னவள்

விசாரணை மேசையின் முன்னால் ஒரு பெண்பிள்ளை அமர்ந்திருக்கிறாள். கேள்வி கேட்பவரின் குரல் மட்டுமே எமக்குக் கேட்கிறது. தம்பியை எங்கே கண்டாய், அவன்தான் உன் தம்பியென்று எவ்வாறு அறிந்தாய் என்று அக்குரல் நிதானமாகக் கேட்கின்றது. பாடமாக்கி வந்த விடைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோக, அப்பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது. கமெரா அவளது முகத்தை விட்டு அகலவேயில்லை.

இந்த மேசையை அறியாதவர்கள் இப்பத்திரிகையின் வாசகரிடையே மிகச் சிலரே. அதனாற்றான், பெல்ஜிய நாட்டுச் சகோதரர்களான ஜோன்-பியர் தார்தென், லுக் தார்தென் ஆகியோர் நெறியாள்கை செய்த ‘தோரியும் லோகிதாவும்’ என்ற திரைப்படத்தைப் பற்றி இங்கு எழுத முற்பட்டேன். 2022 இல் கான் திரைப்பட விழாவின் 75 ஆவது ஆண்டுச் சிறப்புப் பரிசு இதற்குக் கிடைத்தது.

லோகிதா கமரூனிலிருந்து வந்தவள். தோரி பெனின் நாட்டுச் சிறுவன். சூனியக் குழந்தையென்று ஊரில் பழிசுமத்தப்பட்டவன் என்பதனால் அவனுக்கு வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது. அவளுக்கோ இல்லை. வரும் வழியில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்ட இவ்விருவரும் அக்காவும் தம்பியுமெனச் சொல்லிக்கொள்கிறார்கள். அனுமதி கிடைத்தால் வீட்டு வேலையாவது தேடிக்கொண்டு ஒன்றாக வாழலாம் என்பதற்கு மேல் அவர்களிடம் பெரிய கனவேதும் இல்லை.

கூட்டி வந்தவர்களுக்குக் கடன், ஊரிலுள்ள தாய்க்குப் பணம். தொலைபேசியில் அந்தத் தாய் மகளை நம்பாமற் பேசும் இடம் எம்மவர் பலருக்கு நெஞ்சிற் தைக்கும். உணவகத்துச் சமையற்காரன் ஒருவனுக்காக இருவரும் போதைப்பொருள் கொண்டுசென்று கொடுக்கிறார்கள். அவன் அப்பெண்ணைத் தன் இச்சைக்கும் பயன்படுத்துகிறான். பின்னர், போலிப் பத்திரத்துக்கு விலையாக, கஞ்சா வளர்க்கும் பூட்டிய கட்டடமொன்றில் மூன்று மாதம் தனியே கிடக்க அவள் சம்மதிக்கிறாள். தோரி அவளைத் தேடிப் போகிறான். முடிவில் காட்டோரத்தில் அவள் சுடப்படுகிறாள்.

இவ்வளவு துன்பத்தை ஒரு பெண்பிள்ளையின் தலையிற் சுமத்தத்தான் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அவளை இன்னும் கொஞ்சம் சிரிக்கவிட்டிருக்கலாமென எனக்கும் தோன்றியது. ஆனால் 1996 இல் ‘வாக்குறுதி’ என்ற படத்திலும் இதே சகோதரர்கள் குடியேறிகளைச் சுரண்டுபவனின் மகனையும், அச்சுரண்டலில் கணவனை இழந்த ஆபிரிக்கப் பெண்ணையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். அங்கே உண்மையைச் சொல்ல ஒரு பையனுக்கு அவகாசம் இருந்தது. இங்கே ஒருவருக்கும் அவகாசமில்லை. 2015 இல் வந்த ‘தீபன்’ படத்தில் பொய்யான குடும்பமொன்றாகப் பிரான்ஸுக்கு வரும் எம்மவர் மூவருக்கு இறுதியில் இங்கிலாந்தில் ஓர் அமைதியான வீடு கிட்டியது. அவ்வாறான ஆறுதலை இப்படம் தர மறுக்கின்றது. அம்மறுப்பையே நான் நேர்மை என்பேன்.

அந்தப் பெண் பொய் சொன்னாள். ஆகவே தண்டனை பெற்றாள் என்று பத்திரமும் வீடும் கிடைத்த எம்மவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதிகாரி கேட்டது ஒரே வயிற்றிற் பிறந்தீர்களா என்பதை. ஒரே இரவில், ஒரே பயத்தில் கிடந்தீர்களா என்று எந்தப் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை. விசாரணைக்கு அவளைத் தயார்ப்படுத்துபவன் அச்சிறுவனே. மூச்சு முட்டும்போது அவளைத் தேற்றுபவனும் அவனே. உடன்பிறந்தோர் இதற்கு மேல் என்ன செய்வார்கள்?

1987 இல் நானும் அத்தகைய மேசையொன்றின் முன் அமர்ந்தேன். பக்கத்து அறையில் இருப்பவர் யாரென்று கேட்டார்கள். அண்ணன் என்றேன். அவர் பக்கத்து ஊர்க்காரர். வரும் வழியிற் பனிக்குள் இரு இரவுகள் தம்முடைய கம்பளிச் சட்டையை எனக்குத் தந்துவிட்டு நடந்தவர். அதற்கு முன் அவர் பெயரும் நான் அறியேன். இன்றைக்கும் என் பிள்ளைகள் அவரைப் பெரியப்பா என்றே அழைக்கிறார்கள்.