சண்டைக்காட்சில கையைப் பாக்காதீங்க, காலைப் பாருங்க

ஒரு சின்ன சோதனை செய்யுங்க மக்களே. 'அடிமைப்பெண்' (1969) படத்தோட ஆரம்பத்துல வலை மேல நடக்கிற சண்டை இருக்குல்ல, அதைத் தேடி எடுங்க. சவுண்டை மியூட் பண்ணிட்டு எம்.ஜி.ஆர். கையை மறந்துட்டு காலை மட்டும் பாருங்க.

எதிரியா வர்ற அசோகனுக்கு ஒரு கால் இல்ல. நியாயமான சண்டையா இருக்கணும்னு எம்.ஜி.ஆரும் தன் ஒரு காலை மடக்கிக் கட்டிக்குவார். காலுக்குக் கீழ தரை கிடையாது, வலை. வலைக்குக் கீழ ஈட்டிகள்.

நாம ஒத்தைக் கால்ல நிக்கும்போது விழாம இருக்கக் காரணம், இடுப்புக்குப் பக்கவாட்டுல இருக்கிற தசைகள். அது பலவீனமா இருந்தா நிக்காத பக்கம் இடுப்பு சரியும், நடை தள்ளாடும். நல்ல கெட்டித் தரையிலயே ஒத்தைக் கால்ல ஒரு நிமிஷம் நின்னு பாருங்க, கணுக்கால் எப்படி ஆடுதுன்னு தெரியும். வலை மேல அதைச் செய்யணும்னா கால் வைக்கிற ஒவ்வொரு தடவையும் உடம்பு புதுசா கணக்குப் போடணும். அப்போ அவருக்கு வயசு 50 தாண்டியாச்சு. 1959ல சீர்காழி நாடக மேடையில கால் எலும்பு உடைஞ்ச மனுஷன். 1967 ஜனவரி 12ல கழுத்துல குண்டு வாங்கி, குரலே மாறிப்போச்சு. அதுக்கப்புறம் வந்த படம் இது.

அரசியல் பேச வரல. அவர் கட்சி பிடிக்காதவங்களும் அந்தக் காலைப் பார்க்கலாம்!

இந்த லாவகம் எங்கிருந்து வந்ததுங்கிறது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. எம்.ஜி.ஆர். சின்னப் பையனா சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில. பி.யு.சின்னப்பாவும் அங்க இருந்தவர்தான். பாட்டு, வசனம், ஆட்டம், வாள் வீச்சு எல்லாம் அந்த வயசுலயே உடம்புல ஏத்திடுவாங்க. இதே கதை ஹாங்காங்ல வேற பேர்ல நடந்துச்சு. ஜாக்கி சான், சம்மோ ஹங், யுவென் பியாவ் மூணு பேரும் யூ ஜிம் யுவென் நடத்துன பீக்கிங் ஆபரா பள்ளியில வளர்ந்த பசங்க. அங்கயும் பாட்டு, குட்டிக்கரணம், கம்பு, வாள். ஜாக்கி மட்டும் சுமார் பத்து வருஷம் அங்க இருந்தார்.

ரெண்டுமே மேடையில பிறந்த சண்டை. கடைசி வரிசையில உக்காந்திருக்கிறவனுக்கும் தெரியணும், அதனால முழு உடம்பும் பேசணும். 'ரிக்‌ஷாக்காரன்'ல (1971) ரிக்‌ஷாவை ஓட்டிக்கிட்டே எம்.ஜி.ஆர். கம்பு சுத்துறதையும், யுவென் வூ பிங் இயக்கிய 'டிரங்கன் மாஸ்டர்'ல (1978) ஜாக்கி தள்ளாடிக்கிட்டே அடிக்கிறதையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க. கேமரா தள்ளி நிக்கும். தலையில இருந்து கால் வரைக்கும் தெரியும். அடி விழறதும், அடி வாங்குறவன் விழறதும் பெரும்பாலும் ஒரே ஷாட்ல இருக்கும். தாளம்னா அதான்.

இப்போ வர்ற சண்டைகள்ல நொடிக்கு ஒரு வெட்டு. முகம், முஷ்டி, கண்ணாடி உடையுது, முகம். யார் யாரை அடிச்சாங்கன்னு தியேட்டரை விட்டு வெளிய வந்து யோசிக்கணும். ஒரு குத்துக்கு ஒருத்தன் இருபது அடி பறந்து போய் சுவத்துல மோதுறான். எடை இல்ல, மூச்சு வாங்குறது இல்ல, வலி இல்ல. பழசெல்லாம் பொன்னுன்னு சொல்ல வரல. 'சார்பட்டா பரம்பரை'ல (2021) ரிங்குக்குள்ள மூச்சு வாங்குறது எனக்கே கேட்டுச்சு. ஆனா அப்படி எடுக்கிறவங்க கம்மி.

பழைய படங்களும் ஒரு விஷயத்துல நம்மள நல்லா ஏமாத்தியிருக்கு: தலையில அடி. கட்டையால ஒரு போடு போட்டா ஹீரோ மயங்குவார், எழுந்து தலையை உதறிட்டு அடுத்த சண்டைக்குப் போயிடுவார். இன்னொரு அடி விழுந்தா மறந்துபோனது ஞாபகம் வேற வந்துரும். நிஜத்துல நடக்கிறது இதுதான்: அடிபட்டு மயங்கினவர் எழுந்து நல்லாப் பேசுவார், டீ கூட குடிப்பார். "ஒண்ணும் இல்லீங்க, நல்லாத்தான் இருக்கேன்"னு வீட்டுக்குப் போயிடுவார். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவுல ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருந்தா, சில மணி நேரம் கழிச்சு தூக்கம் தூக்கமா வரும், எழுப்பினா எழ மாட்டார். தலையில அடிபட்டவர் வாந்தி எடுத்தா, குழம்பிப் பேசினா, வழக்கத்துக்கு மாறா தூங்கினா, காதுலயோ மூக்குலயோ ரத்தம் அல்லது தண்ணி மாதிரி வந்தா, ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எழுந்து நடந்துட்டாருங்கிறது சான்றிதழ் இல்ல.

ஜாக்கி சானே இதுக்கு உதாரணம். 'ஆர்மர் ஆஃப் காட்' (1986) படத்துக்காக மரத்துக்குத் தாவும்போது கீழ விழுந்து மண்டை ஓடு உடைஞ்சு, ஆபரேஷன் பண்ணித்தான் பிழைச்சார். அவர் படங்களோட கடைசியில சொதப்பினதையும் அடிபட்டதையும் ஓட விடுவாங்கல்ல, சிரிப்புக்குன்னு நாம நினைப்போம். என்னைப் பொறுத்தவரை அதுதான் சினிமாவுல வந்த நேர்மையான மருத்துவக் குறிப்பு.

இப்போ எங்க அலங்காநல்லூருக்கு வாங்க. காளையும் சினிமாவும் நமக்குப் புதுசில்ல. சாண்டோ சின்னப்பா தேவரோட முதல் தயாரிப்பு 'தாய்க்குப்பின் தாரம்' (1956), அதுல எம்.ஜி.ஆர். காளையோட மோதுவார். 'முரட்டுக்காளை' (1980), 'விருமாண்டி' (2004) எல்லாம் இந்த வரிசைதான். ஆனா திரையில காளையோட 'சண்டை'ன்னு காட்டுவாங்க. நிஜ வாடிவாசல்ல அது சண்டையே இல்ல, தழுவல். கொம்பைப் பிடிக்கக் கூடாது, வாலைப் பிடிக்கக் கூடாது, திமிலை மட்டும்தான். நல்ல மாடுபிடி வீரர் காளை கிட்ட இருந்து விலக மாட்டார், ஒட்டிக்குவார். கொம்பு வீச இடம் கொடுக்காத அளவுக்கு ஒட்டணும். அதுவும் கால் வேலைதான்.

அந்த வாடிவாசலைச் சுத்தி என்னென்ன இருக்குன்னு கவனிச்சிருக்கீங்களா? களத்துக்குள்ள விடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வீரருக்கும் மருத்துவப் பரிசோதனை. ரத்த அழுத்தம் பார்ப்போம், குடிச்சிருக்காரான்னு பார்ப்போம், தகுதி இல்லன்னா உள்ள விட மாட்டோம். எவ்வளவு கெஞ்சினாலும் சரி. விழுந்தா அடிபடாம இருக்க தேங்காய் நார் பரப்பியிருக்கும். மருத்துவக் குழு ரெடியா இருக்கும், 108 வண்டி பக்கத்துலயே நிக்கும். இவ்வளவுக்கு அப்புறமும் காயம் வருது, சில வருஷம் உயிரும் போகுது. கொம்புக் குத்து வெளிய ரெண்டு விரல் அகலம்தான் தெரியும், உள்ள குடல் வரைக்கும் கிழிச்சிருக்கும். யாராவது குத்து வாங்கினா மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பாதீங்க. சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு, தண்ணி கூடக் குடிக்கக் கொடுக்காம கொண்டு வாங்க.

ஒரு ஊரு, வருஷத்துல ஒரு நாளுக்கு இவ்வளவு செய்யுது. கோடிக்கணக்குல செலவு பண்ற படப்பிடிப்புகள்ல எத்தனை இடத்துல இப்படி ஒரு ஏற்பாடு இருக்கு? 2024 ஜூலையில சென்னையில ஒரு படப்பிடிப்புல 20 அடி உயரத்துல இருந்து விழுந்து ஒரு சண்டைக் கலைஞர் செத்துப்போனார். அடுத்த ஜூலையில நாகப்பட்டினம் பக்கம் கார் ஸ்டண்ட்ல இன்னொருத்தர். ரெண்டு நாள் செய்தியில வந்துச்சு, அப்புறம் நாம அடுத்த டிரெய்லருக்குப் போயிட்டோம்.

'முரட்டுக்காளை' ரயில் சண்டையை ரசிச்சவங்க எல்லாரும் ரஜினி பேரைச் சொல்வாங்க. அதை அமைச்ச ஜூடோ ரத்தினம் பேரு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? தேசிய விருதுல சண்டைப் பயிற்சிக்குன்னு தனி விருது வந்ததே 2016ஆம் வருஷப் படங்கள்ல இருந்துதான். ஆஸ்கர்ல 2027ல வர்ற படங்களுக்குத்தான் ஆரம்பிக்கப் போறாங்க. சினிமா பிறந்த நாள்ல இருந்து விழுந்துக்கிட்டு இருக்கிறவங்களுக்கு இவ்வளவு லேட்டா!

விருதை விடுங்க. எனக்கு வேண்டியது ரெண்டுதான். சண்டை எடுக்கிற நாள்ல ஸ்பாட்ல ஒரு டாக்டரும் ஆம்புலன்ஸும் கட்டாயம் இருக்கணும், "இந்த ஷாட் வேண்டாம்"னு அந்த டாக்டர் சொன்னா டைரக்டரும் கேக்கணும், வாடிவாசல்ல எங்க பேச்சைக் கேக்கிற மாதிரி. அப்புறம், அடி வாங்கினவங்க பேரு டைட்டில்ல படிக்கிற வேகத்துல ஓடணும்.

பழைய படம் பார்க்கிறவங்க ஹீரோவுக்குப் பின்னாடி விழறவரையும் கொஞ்சம் பாருங்க. கையை எங்க ஊனுறார், தலையை எப்படி நெஞ்சோட ஒட்டி மடக்குறார், முதுகைக் கொடுக்காம எப்படி உருளுறார்னு. உங்களுக்குப் பிடிச்ச சண்டை எது, எந்தப் படம்னு கீழ எழுதுங்க. அமைச்ச மாஸ்டர் பேரும் தெரிஞ்சா சேர்த்து எழுதுங்க.