அளக்கும் கோல் யார் கையில்?

ஆலை வருகிறது, அனல்மின் நிலையம் வருகிறது, சுரங்கம் வருகிறது என்கிறார்கள். வரட்டும்! வேலை கேட்டு வீதியில் நிற்கும் தொழிலாளி, தொழில் வேண்டாம் என்பானா? என்னமாட்டான், நாமும் என்னமாட்டோம். ஆனால் வருவது வாழ்வா, வாட்டமா என்று அளந்து சொல்லும் கோல் யார் கையில் இருக்கிறது? அதைத்தான் கேட்கிறோம்.

பெருந்திட்டங்களைத் தொடங்குமுன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று 1994-ல் மத்திய சர்க்கார் விதி வகுத்தது; 2006-ல் அதை மாற்றி எழுதியது. மண்ணை அறிந்தவர், நீரோட்டம் அறிந்தவர், காற்றை ஆய்பவர், உயிரினங்களை ஆய்பவர், மக்கள் வாழ்வை ஆய்பவர் எனப் பல துறை வல்லுநர்கள் கூடி ஆராய்ந்து எழுதவேண்டும். இதற்கென்றே ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடு! எதையும் ஆராய்ந்து ஏற்கச் சொன்ன இயக்கம் நம்முடையது. அறிவியலை மதிப்பவர்கள் நாம்.

மதிப்பதால்தான் கேட்கிறோம்: அந்த ஆய்வாளரைப் பொறுக்கி எடுப்பவர் யார்? கூலி கொடுப்பவர் யார்? திட்டத்தைக் கொண்டுவரும் முதலாளியே! களத்து நெல்லை அளக்க மிராசுதாரே மரக்கால் கொண்டுவந்தால், கூலியாளுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை உழைத்தவர் அறிவார்.

விளைவைப் பாருங்கள். மராட்டிய மாநிலத்து இரத்தினகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கம். 2007 வாக்கில் அதற்குத் தந்த அறிக்கையில், ருஷ்ய நாட்டுச் சுரங்க அறிக்கையின் பகுதிகள் அப்படியே ஒட்டப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. மாவும் முந்திரியும் காய்க்கும் கொங்கணக் கரையிலே, பனிநாட்டு ஸ்புரூஸ் மரக்காட்டுப் பறவைகள்! இதுவா ஆய்வு? இதுவா அறிவியல்?

இன்னொன்று. பெரும்பாலான திட்டங்களுக்கு, மழைக்காலம் நீங்கலாக ஒரே ஒரு பருவத்து அளவீடு போதும் என்கிறது விதிமுறை. கோடையில் வந்து ஓடையைப் பார்ப்பவர், நீரில்லை என்று எழுதிவிட்டுப் போவார். ஐப்பசியில் அதே ஓடை குடிசையை இழுத்துச் செல்லும்போது அவர் எங்கே? அவர் எழுதிய ஏடு எங்கே?

அந்த ஏடும் நமக்குப் புரியும் மொழியில் இல்லை. முழு அறிக்கை ஆங்கிலத்தில். தமிழில் சுருக்கம் மட்டும். 2020-ல் விதியைத் தளர்த்தும் வரைவு வந்தபோதும் ஆங்கிலம், இந்தி, அவ்வளவுதான்! எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் தருக என்று ஜூன் 30 அன்று டில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சர்க்கார் மொழிபெயர்த்ததா? இல்லை, உச்சநீதிமன்றப் படியேறிற்று. மூச்சு நம்முடையது, முடிவு நமக்குப் புரியாத மொழியில்!

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டே என்பார்கள். உண்டு. முப்பது நாள் முன்னறிவிப்பும் உண்டு. ஆனால் இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற வரம்பு கிடையாது. நாம் போகாவிட்டால், வெற்று நாற்காலிகளை வைத்தே கூட்டம் நடந்ததாகக் குறிப்பு எழுதி மேலிடம் அனுப்பலாம்.

ஆகவே நமது கோரிக்கை இது: ஆய்வுக் கட்டணத்தை முதலாளி பொதுநிதியில் கட்டட்டும், ஆய்வாளரை அரசு அமர்த்தட்டும். மழையும் வெயிலும் ஆண்டு முழுதும் அளக்கப்படட்டும். முழு அறிக்கையும் தமிழில் வரட்டும்.

தோழர்களே! அதுவரை காத்திருக்கவேண்டாம். கூட்ட அறிவிப்பு வந்ததும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலே அறிக்கையைக் கேளுங்கள். படித்த இளைஞர் வாசிக்க, ஊரார் கூடிக் கேளுங்கள். உங்கள் ஊர் ஓடை அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், கூட்டத்திலே எழுந்து கேளுங்கள்! கேட்டதைக் குறிப்பில் ஏற்றும்வரை உட்காராதீர்கள்!