ஜனப்பெருக்கமும் நிலப்பாகமும்

ஜனங்கள் பெருகிக்கொண்டே போனால் ஆகாரத்திற்கு என்ன வழி என்பது நெடுங்காலமாக அறிஞர்களை வாட்டிய கவலை. ஜனப்பெருக்கத்தின் வேகத்திற்கு விளைபொருள் ஈடுகொடாதென்று இங்கிலாந்தில் மால்தூஸ் என்பவர் 1798-ஆம் வருஷத்திலேயே எழுதினார். ஆயினும் நம் தேசத்தில் நடந்தது வேறு. 1951-இல் 36 கோடியாயிருந்த ஜனத்தொகை 2011-இல் 121 கோடியாயிற்று. உணவு தானிய விளைச்சலோ 1950-51-இல் சுமார் 5 கோடி டன்னாயிருந்தது, 2010-11-இல் 24 கோடி டன்னைத் தாண்டிற்று. பாசனமும், உரமும், 1960-களில் பரவிய குட்டை ரக நெல்லும் கோதுமையும் இதனைச் சாதித்தன.

பிறப்பும் குறைந்துவிட்டது. 2019-21-ஆம் வருஷங்களின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகளே. ஜனத்தொகை குறையாமல் நிலைத்திருக்கச் சுமார் 2.1 வேண்டும்.

ஆதலின் இனிக் கவலையில்லை என்றிருத்தல் தகாது. பெருக்கத்தின் வேகம் தணிந்தாலும் அது நிலத்தில் விட்டுச்சென்ற வடு ஆறவில்லை. தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிதாரரின் சராசரி நிலம் 1970-71-இல் 1.45 ஹெக்டேர், அதாவது சுமார் 3½ ஏக்கர், 2015-16-இல் 0.75 ஹெக்டேர், 2 ஏக்கருக்கும் குறைவு. பிறப்புக் குறைந்ததனால் துண்டான வயல்கள் தாமே ஒன்றுசேர்ந்துவிடா.

சதுரமான 1 ஏக்கரை நான்கு பட்டைகளாகப் பிரித்தால் புதிதாக மூன்று வரப்புகள் வேண்டும். வரப்பு 2 அடி அகலமாயின் 3 சென்ட் நிலம் வரப்புக்கே போய்விடும். நஷ்டம் அவ்வளவோடு நிற்பதன்று. கால்வாய்க்கும் வண்டிப்பாதைக்கும் வழக்கு எழும். டிராக்டர் திரும்ப இடமிராது. ஒரே ஊற்றை நம்பி ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு தோண்டி நால்வரும் கடனாளியாவர். முடிவில், பிழைப்பு நாடிப் பட்டணம் சென்றவரின் பாகம் தரிசாகும்.

இதற்குப் பரிகாரம் உரிமையைப் பிரித்து உழவைப் பிரிக்காதிருப்பதே. சகோதர சகோதரிகள் அனைவருடைய பாகமும் பத்திரத்திலும் பட்டாவிலும் தெளிவாக இருக்கட்டும். 1989-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டமும் 2005-ஆம் வருஷத்து மத்திய திருத்தச் சட்டமும் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்கு உறுதிசெய்த உரிமையை, நிலம் சிதறும் என்று சாக்குச் சொல்லி மறுப்பது அநீதி. சிதறச் செய்வது பங்கன்று, வரப்பே. ஊரிலிருப்பவர் ஒருவர் முழுநிலத்தையும் பயிரிட்டு, செலவு நீக்கிய விளைச்சலை எழுதிவைத்த விகிதப்படி பங்கிடலாம்; கிணற்றுநீரை முறைவைத்துப் பாய்ச்சலாம்; அண்டை நிலத்தாருடன் துண்டுகளைப் பரிவர்த்தனை செய்துகொள்ளலாம்.

கிராம அதிகாரிகளின் பொறுப்பும் இதில் பெரிது. இறந்தவர் பெயரிலேயே பட்டா நீடிக்குமாயின் வாரிசுகள் ஒருவரையொருவர் நம்பி ஏற்பாடு செய்துகொள்ள இயலாது. வாரிசுப் பதிவு தாமதமின்றி முடிந்தாலன்றி ஒற்றுமைச் சாகுபடிக்கு அஸ்திவாரம் இல்லை. ஊருக்கு ஒரு குடும்பமேனும் முதலில் இவ்வழியைக் கைக்கொண்டால், அதன் களத்து நெல்லே மற்றவர்க்குப் போதிய சான்றாகும்.