அடுப்படிக்குக் கிடைத்த அரும்பரிசு

விளையாட்டு என்றாலே படிப்புக்குப் பகை என்று கருதும் பெற்றோரில் நாமும் ஒருவர். கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவதையே பிள்ளை வளர்ப்பின் பெரும்பகுதியாகக் கொண்டிருந்தோம். சென்ற கோடை விடுமுறையில் அந்த உறுதி சற்று ஆட்டங்கண்டது. அதனை இத்திங்கள் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அலுவலகம் முடிந்து இரயில்வே குடியிருப்புக்குத் திரும்பிய ஒரு மாலைப்பொழுது. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவரின் கணினி முன் அமர்ந்து, நம் மகள் இட்டிலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்! கடிந்துகொள்ள வாயெடுத்த நாம், அந்த வீடியோ கேமின் பெயர் 'வெண்பா' என்று கேட்டதும் நின்றுவிட்டோம்.

கனடா நாட்டு டொராண்டோ நகரில் உள்ள 'விசை கேம்ஸ்' என்னும் சிறு நிறுவனம் 2023 ஜூலையில் வெளியிட்டது அது. தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் தம்பதியரும், அவர்கள் மகன் கவினுமே கதை மாந்தர். கதை 1988இல் தொடங்குகிறது. வெண்பாவிடம் அவள் தாயின் சமையற் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அதன் பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் உள்ளன. விடுபட்டதை ஊகித்துச் சமைப்பதே ஆட்டம். நீராவி துளைகளின் வழியே மேலேறும்படி தட்டுகளை அடுக்காவிடில் இட்டிலி வேகாது. இதில் வெட்டு இல்லை, குத்து இல்லை. அயல்நாட்டில் வளரும் பிள்ளை தாய்மொழியை விட்டு விலகுவதைக் காணும் தாயின் துயரமே உண்டு.

இவ்விளையாட்டுக்கு 2024 மார்ச்சில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், சுயேச்சை விளையாட்டுகளுக்கான விழாவில் தலைமைப் பரிசு கிடைத்தது. பெரு நிறுவனங்களின் துணையின்றித் தனியாகவோ நான்கைந்து பேராகவோ கூடி விளையாட்டுகளை ஆக்குவோருக்காக 1998இல் நிறுவப்பட்ட விழா அது. 1999 முதல் பரிசுகள் வழங்கப்பட்டு வந்துள்ளன. படைப்பாளர் தாமே தம் ஆக்கத்தை அனுப்புவர். நடுவர்கள் அதனை ஆடிப் பார்த்துத் தேர்வர். ஓவியம், ஒலி, வடிவமைப்பு, கதை என்று தனித்தனிப் பரிசுகளும், மாணவருக்கென்று ஒரு பரிசும் உண்டு.

2011இல் தலைமைப் பரிசு பெற்ற 'மைன்கிராஃப்ட்' 2023க்குள் முப்பது கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது. 2014இல் வென்ற 'பேப்பர்ஸ், பிளீஸ்' லூகாஸ் போப் என்பவர் ஏறக்குறைய தனி ஒருவராகவே ஆக்கியது. எல்லைச் சாவடியில் அமர்ந்து வருவோர் போவோரின் தாள்களைச் சரிபார்க்கும் அலுவலரின் பாடு அது. நாள் முழுதும் தாள்களைச் சரிபார்க்கும் குமாஸ்தாவாகிய நமக்கு, நம் பிழைப்பையும் ஒருவர் விளையாட்டாக ஆக்கினாரே என்று சிரிப்பு வந்தது.

ஆயின், அத்தலைமைப் பரிசு தாங்கியுள்ள பெயரை அறிந்தபோது சிரிப்பு அடங்கிற்று. ஷேமஸ் மெக்நாலி என்னும் கனடா இளைஞர், தம் குடும்பத்தாருடன் சேர்ந்து நடத்திய சிறு நிறுவனத்தில் 'டிரெட் மார்க்ஸ்' என்னும் விளையாட்டை ஆக்கி, 2000இல் தலைமைப் பரிசு பெற்றார். பரிசு பெற்ற சில நாட்களுக்குள் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது இருபத்தொன்று. அதன்பின் அப்பரிசுக்கு அவர் பெயரையே சூட்டினர். ஒரு குடும்பம் கூடி உழைத்ததன் நினைவாக நிற்கும் பரிசு, ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்படிக் கதைக்குக் கிடைத்தது பொருத்தமே அன்றோ?

அன்றிரவு நம் இல்லத்தரசி, காலஞ்சென்ற நம் அன்னையாரின் சமையற் குறிப்பேட்டைப் பரணிலிருந்து எடுத்தார். மகள் ஆவலோடு வாங்கிப் புரட்டினாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம். பிறகு தலைகுனிந்து, "அப்பா, எனக்குப் படிக்கத் தெரியவில்லையே!" என்றாள். அந்த ஏட்டில் ஓரெழுத்தும் அழியவில்லை. விலாசம் தெளிவாக இருந்தும் உரியவரிடம் சேராத பொதியாக அது பரணில் கிடந்திருக்கிறது. பத்து ஆண்டுகள் அவளுக்கு இந்தியும் ஆங்கிலமும் கற்பித்தோம். தமிழ் தானே வந்துவிடும் என்று வாளாவிருந்தோம். குற்றம் கைப்பேசியுடையதன்று, நம்முடையதே.

இப்போது நாள்தோறும் இரவு உணவுக்குப்பின் பாட்டியின் ஏட்டில் அரைப் பக்கம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். சென்ற ஞாயிறன்று வற்றற்குழம்பு வரை வந்துவிட்டாள். உப்புச் சற்று மிகுதிதான்; ஆயினும் இருமுறை கேட்டு வாங்கி உண்டோம்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இத்தகைய ஏடு ஒன்று இருக்கக்கூடும். இல்லையேல், ஊரில் உள்ள அன்னையாரிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். அதனைப் படிக்கப் பிள்ளைக்கும் கற்பியுங்கள்.