கடல் பார்க்கப் போறோம், அவ்வளவுதான்

எங்க வாட்ஸ்அப் குரூப்புக்குப் பேர் 'பார்சிலோனா'. போன வருஷம் கடைசிப் பரீட்சை முடிஞ்ச இரவு, போடிங் அறையில ஒரே போனைச் சுத்திப் படுத்துக்கிட்டு ஒரு பயண வீடியோ பார்த்தோம். ஐரோப்பாவில வளர்ந்த ஒரு தமிழ்ப் பொண்ணு பார்சிலோனாவைச் சுத்திக் காட்டுறா. 1882ல கட்டத் தொடங்கி இன்னமும் வேலை நடக்கிற சக்ராடா ஃபமிலியா தேவாலயம், அப்புறம் மத்தியதரைக் கடல், கடல் ஓரமா நீளமான நடைபாதை. "நாமளும் போவமா?"ன்னு ஒருத்தி கேட்டா. இன்னொருத்தி உடனே குரூப் தொடங்கிட்டா. விசாவுக்கு வங்கியில எவ்வளவு காசு காட்டணும்னு மூணாமவ தேடிப் பார்த்துச் சொன்னதோட குரூப் அமைதியாயிடுச்சு. எங்க ஆறு பேரோட மகாபொலவையும் நாலு வருஷத்துக்குச் சேர்த்து வச்சாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது.

ரெண்டு மாசம் கழிச்சு அதே குரூப்புல ஒரு வரி வந்துச்சு: "கடல்தானே வேணும்? திருகோணமலைக்குப் போவோம். அம்மாமாரையும் கூட்டிக்கிட்டு."

நாங்க ஆறு பேரும் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்கள்ல பிறந்து, பேராதனையில கலைப்பீடத்துக்கு வந்தவங்க. ஆறு பேரோட அம்மாவும் கொழுந்து எடுக்கிறாங்க, இல்லாட்டி எடுத்துட்டு இப்ப நின்னவங்க. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் வீட்டுல போன் பண்ணிக் கேட்டோம்: "அம்மா, நீங்க கடல் பார்த்திருக்கீங்களா?"

மூணு பேர் பார்த்ததே இல்லை. ஒருத்தர் கொழும்புக்கு ஒரு கலியாணத்துக்குப் போனப்ப காலிமுகத்திடலை பஸ் ஜன்னல் வழியாப் பார்த்திருக்கார். ஒருத்தர் கலியாணத்துக்கு முந்தி ஒரு தடவை நீர்கொழும்புல. ஆறாவது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவங்க. "கடலுக்கு மேலயே போய்ட்டு வந்தேன்டி, ஆனா ராத்திரி. ஒண்ணுமே தெரியல"ன்னாங்க. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவுல, கடல் வழியா வந்த ஒரு சனத்தோட நிலைமை இது.

எங்க ஆக்கள் பயணமே போறதில்லைன்னு சொல்ல வரல. சாவு வீட்டுக்குப் போவாங்க. கலியாணத்துக்கு வேன் பிடிச்சுப் போவாங்க. கதிர்காமம், மடு, முன்னேஸ்வரம், சிவனொளிபாதமலை போவாங்க. கொழும்புக் கடைக்கும் வீட்டு வேலைக்கும் பிள்ளைகள் போவாங்க. எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணமே இல்லாம, ஒரு இடம் அழகா இருக்குன்னு பார்த்துட்டு வாறதுக்காக மட்டும் ஒரு அம்மா வீட்டை விட்டு வெளிக்கிட்டதை எங்க லயத்துல நாங்க கண்டதில்லை.

ஆனா எங்களைப் பார்க்க வாறவங்களுக்குக் குறைவில்லை. ஏப்ரல்ல நுவரெலியா வசந்த காலம் தொடங்கினா, கிரகரி ஏரியைச் சுத்தி வாகனம் நகர இடமிருக்காது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுத்தி இருந்த பழைய துரைமார் பங்களாக்கள் இப்ப சொகுசு விடுதி. கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் நடுவுல, தேயிலை மலைகளுக்குள்ளால 300 கிலோமீட்டருக்கு மேல, 22 கட்டமா 'பீக்கோ ட்ரெயில்'னு ஒரு நடைபாதை போட்டிருக்காங்க. வெள்ளைக்காரப் பிள்ளைகள் பையை மாட்டிக்கிட்டு எங்க இஸ்தோப்புக்கு முன்னால நடந்து போகுதுக. நல்லாச் சிரிக்குதுக, பழகுதுக, குறை சொல்ல ஒண்ணுமில்லை. மலையில நிக்கிற பெரியம்மாமாரைப் படம் எடுக்குதுக. கொழுந்துக் கூடையும் படங்குமா நிக்கிற பெரியம்மாவோட படம் எந்த நாட்டு வீட்டுச் சுவர்ல எல்லாம் தொங்குதோ. அவங்க பார்க்க வந்த 'காட்சி'யில நாங்களும் ஒரு பகுதி. தேயிலை, மூடுபனி, கோச்சி, நாங்க.

இதைச் சொல்லும்போது பார்சிலோனாவும் ஞாபகம் வருது. 2024 ஜூலையில அந்த ஊர் ஆக்கள் ஊர்வலம் போய், சாப்பாட்டுக் கடை வாசல்ல இருந்த சுற்றுலாப் பயணிகள் மேல தண்ணித் துவக்கால அடிச்சாங்க. விடுதிகளும் வாடகை அறைகளும் பெருகி, சொந்த ஊர்லயே வீட்டு வாடகை கட்ட முடியலங்கிறது அவங்க கோபம். அதுக்கும் முந்தின கதை எங்களுக்கு இன்னும் நெருக்கம். இன்னிக்கு வீடியோவில மினுங்குற கடற்கரையில பெரும்பகுதி 1992 ஒலிம்பிக்குக்காகச் சீர் செய்தது. அதுக்கு முன்னால அந்தக் கரையைத் தொழிற்சாலையும் ரயில் தண்டவாளமும் மறைச்சுக் கிடந்துச்சு. சோமோரோஸ்ட்ரோன்னு ஒரு இடத்துல, தெற்கு ஸ்பெயின்ல இருந்து பிழைக்க வந்த ஏழைகள் அலை அடிக்கிற மண்ணுலயே குடிசை போட்டு இருந்தாங்க. 1966ல அதை முழுசா அகற்றினாங்க. இப்ப அந்தக் கரையில ஒரு துண்டுக்கு அந்தப் பேரையே வச்சிருக்காங்க.

பார்சிலோனாக்காரருக்காவது வாடகை ஏறுதுன்னு கத்த ஒரு வீடு இருக்கு. எங்க காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அது தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு அறையை ஒழுங்கு பண்ணி விருந்தாளிக்கு வாடகைக்கு விடலாம்னு நினைச்சாலும் நிலம் நம்மது இல்ல. வாறவங்க காசு நம்ம வாசலைத் தாண்டி பங்களாவுக்குப் போகுது.

சரி, திட்டத்துக்கு வருவோம். திட்டம் போடும்போதுதான் எத்தனை முடிச்சு இருக்குன்னு தெரிஞ்சுது.

முதல் முடிச்சு நாள். கிழக்குக் கரையில நவம்பர்ல இருந்து மாரி மழை, கடல் கொந்தளிப்பு. ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை கடல் அமைதி. ஏப்ரல்ல போவோம்னு முடிவு பண்ணினோம். கொழும்பு ஆக்கள் எங்க மலைக்கு ஏறி வாற நேரத்துல நாங்க கடலுக்கு இறங்கிப் போறோம்ங்கிறதுல ஒரு சந்தோசம் வேற. அம்மாமார் சிரிச்சாங்க. ஏப்ரல், மே மாசத்துல மழை விழுந்து கொழுந்து பொங்கி வரும். கூடுதல் கிலோவுக்குக் காசு கிடைக்கிற நேரம் அது. அப்ப லீவு கேட்டா கங்காணியும் முகத்தைச் சுளிப்பார். எங்க சுற்றுலாக் காலமும் அவங்க சம்பாதிக்கிற காலமும் ஒண்ணாயிடுச்சு.

ரெண்டாவது காசு. அம்மாமார்ல ரெண்டு பேருக்கு வாந்தி வரும், அதனால வேன்தான் நல்லதுன்னு நினைச்சோம். ரெண்டு நாளைக்கு அறுபதாயிரத்துக்குக் குறைய வரமாட்டேன்னு வேன்காரர் சொல்லிட்டார். பன்னிரண்டு பேருக்குப் பிரிச்சா தலைக்கு 5000. 2024 செப்டம்பர்ல வர்த்தமானியில அறிவிச்ச அடிப்படை நாள் சம்பளம் 1350ஆ இருந்துச்சு. வேனுக்கு மட்டும் கிட்டத்தட்ட நாலு பேர். (வெளியாக்களுக்குச் சொல்றோம்: 'பேர்'னா ஒரு முழு நாள் வேலை. கிலோ குறைஞ்சா அரைப்பேர்தான் போடுவாங்க.) அதோட வேலைக்குப் போகாத ரெண்டு நாளும் போச்சு. அதாவது கடலைப் பார்க்க ஒரு அம்மாவுக்கு ஆறு பேர் செலவு. சாப்பாடு, தங்குற இடம் இன்னும் கணக்குல வரல.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு குரூப்புல சண்டை. "இது தேவையா? இந்தக் காசுல அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கலாம்"னு ஒருத்தி எழுதினா. அவ சொன்னதுல பிழை இல்லை. ஆனா அந்தக் கண்ணாடி போன வருஷமும் வாங்கல, அதுக்கு முந்தின வருஷமும் வாங்கல. எங்க வீடுகள்ல ஒரு சந்தோசத்தைத் தள்ளிப்போட எப்பவும் ஒரு அவசியம் தயாரா இருக்கு. அந்த அவசியமும் கடைசியில நிறைவேறுறதில்லைங்கிறதுதான் எங்க அனுபவம். சம்பளம் கூடட்டும், வீடு வரட்டும், அப்புறம் ஊர் பார்க்கலாம்னு சொல்றவங்ககிட்ட நாங்க கேட்கிறது ஒண்ணுதான்: அதுவரைக்கும் அம்மாவோட முழங்கால் தாங்குமா? சம்பளத்துக்காகப் போராடுறதும் கடல் பார்க்கப் போறதும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்லை. ஒரு மாசச் சம்பளத்துல ஓய்வுக்கும் ஊர் பார்க்கவும் ஒரு பங்கு இருக்கணும்னு நாங்க நினைக்காததாலதான், சம்பளப் பேச்சுல எப்பவும் அரிசி, மா, சீனி விலையை மட்டும் வச்சுக் கணக்குப் போடுறாங்க.

கடைசியில வேனை விட்டுட்டு பஸ்னு முடிவாச்சு. ஹட்டன்ல இருந்து கண்டி. கண்டியில இருந்து மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியா திருகோணமலை. வாந்திக்கு எலுமிச்சம்பழம். செலவு மூணுல ஒண்ணாக் குறைஞ்சுது. மாசம் ஆளுக்கு ஐந்நூறு ரூபா சீட்டு மாதிரிப் போட்டுக்கிட்டு வாறோம்.

பாதையை வரைபடத்துல பார்த்துக்கிட்டு இருந்தப்ப, வரலாறு படிக்கிறவ ஒரு விசயம் சொன்னா. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவுல நாங்க பஸ்ல போகப்போற அந்தத் துண்டு, எங்க பாட்டன் பூட்டன் மன்னார்க் கரையில இறங்கி, காட்டு வழியா நடந்து வந்த வடக்குப் பாதையோட கடைசித் துண்டு. அந்த வழியில காலராவும் பசியும் தின்னது போக மிஞ்சினவங்கதான் மலைக்கு வந்து சேர்ந்தாங்க. அந்த வருகைக்கு 200 வருஷம் ஆனதை நினைச்சு 2023 ஜூலைக் கடைசியில தலைமன்னார்ல இருந்து மாத்தளை வரைக்கும் நம்ம ஆக்கள் நடந்தாங்களே, அதே வழிதான். அப்புறம் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு லட்சக்கணக்கான பேரை இந்தியாவுக்கு அனுப்பினப்ப, ஸ்டேஷன்ல கட்டிப்பிடிச்சு அழுது ஏத்தி விட்ட கோச்சிக்கு 'ஒப்பாரிக் கோச்சி'ன்னே பேர் வந்துச்சு. அந்தப் பயணமும் தலைமன்னார்க் கடல்லதான் போய் முடிஞ்சுது. எங்க சனத்துக்குக் கடல்னா, வந்து இறங்கின இடம், இல்லாட்டி பிரிஞ்சு போன இடம். சும்மா போய்க் கரையில உட்கார்ந்த இடமா அது இருந்ததில்லை.

1977லயும் 1983லயும் நடந்த வன்முறைக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறின குடும்பங்கள் இருக்கு. எங்கள்ல ஒருத்தியோட அப்பாயி வழிச் சொந்தம் கன்னியாப் பக்கம் இருக்காங்க. தங்குற இடம் அவங்க வீடுதான். முதல்ல ஒரு விடுதிக்குப் போன் பண்ணினோம். பன்னிரண்டு பேர், ரெண்டு அறை போதும்னு சொன்னதும், "எந்த ஊர்?"னு கேட்டாங்க. ஹட்டன்ல ஒரு தோட்டம்னோம். "அறைக்குள்ள சமைக்கக் கூடாது, தெரியும்தானே"ன்னு வந்துச்சு பதில். நாங்க சமையலைப் பத்தி வாயே திறக்கல. சொந்தக்காரங்க வீட்டுல பாய் விரிச்சுப் படுக்கலாம்னு போனை வச்சுட்டோம்.

பார்க்கிற இடப் பட்டியல்லயும் எங்களுக்குள்ள ஒத்துப்போகல. இணையத்துல 'திருகோணமலையில் கட்டாயம் பார்க்கவேண்டியவை'ன்னு தேடினா திமிங்கிலம் பார்க்கிற படகு, புறாத் தீவுல கடலுக்கடியில பவளப் பாறைன்னு வருது. அதெல்லாம் எங்க சீட்டுக் காசுக்கு அடங்காது. கன்னியாவுல ஏழு வெந்நீர்க் கிணறு, வாளியால அள்ளிக் குளிக்கலாம், ஒவ்வொண்ணுலயும் சூடு வித்தியாசம். காலையில எழும்பி ஐஸ் மாதிரித் தண்ணியில முகம் கழுவுற எங்க அம்மாமாருக்கு, நெருப்பு இல்லாம பூமியில இருந்தே வெந்நீர் வருதுன்னா நம்ப முடியல. "ஒரு பீப்பாயில பிடிச்சுக்கிட்டு வந்துருவோமா?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. பிறகு கோட்டை. போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடிச்சு, 1620கள்ல அந்த மலையில கட்டினது. ஒல்லாந்தர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறி இன்னமும் இராணுவம் இருக்கிற இடம். அதுக்குள்ளால ஏறித்தான் கோயிலுக்குப் போகணும். புள்ளிமான்கள் தெருவுல நிக்கும். இராவணன் வெட்டுல நின்னு கீழ பார்த்தா கடல்.

கோயிலை வச்சுத்தான் எங்க பெரிய வாக்குவாதமே. வீட்டுல அனுமதி வாங்க "கோணேஸ்வரத்துக்குப் போறோம்"னு சொன்னா போதும், அப்பாமார் வாய் திறக்க மாட்டாங்க. "அப்படிச் சொல்லக் கூடாது. கடல் பார்க்கப் போறோம்னு சொல்லிட்டுத்தான் போகணும். ஒரு தடவையாவது பொம்பளைங்க பொய்க் காரணம் இல்லாம வெளிக்கிடணும்"னு எங்கள்ல பாதிப் பேர் நின்னோம். பெண்ணியம் படிச்சதோட வேகம். ஒரு அம்மா இதைக் கேட்டுட்டுச் சொன்னாங்க: "கோயில் எனக்குப் பொய்க் காரணம் இல்லடி. எனக்கு அந்தச் சாமியையும் பார்க்கணும், கடலையும் பார்க்கணும். ரெண்டுல ஒண்ணைத் தெரிஞ்செடுன்னு ஏன் சொல்றீங்க?" எங்களுக்குப் பதில் இல்லை. ஆனாலும் அப்பாமார்கிட்ட கடல் பார்க்கப் போறோம்னுதான் சொன்னோம். நாலு வீட்டுல சரின்னாங்க. ஒரு வீட்டுல "கடலைப் பார்த்து என்ன செய்யப்போறீங்க?"ன்னு கேட்டாங்க. ஆறாவது வீட்டுல அப்பா ரெண்டு நாள் பேசாம இருந்துட்டு, "எனக்கும் ஒரு சீட்டுப் போடுங்க"ன்னார். இப்ப நாங்க பதிமூணு பேர்.

நாள் குறிச்சாச்சு, ஏப்ரல் மூணாவது வாரம். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கிட்டுப் போறது, முதல் நாள் பகல் சாப்பாடு. அதுக்கப்புறம் சொந்தக்கார வீட்டுல மீன். இடம் பார்க்கிறதெல்லாம் முதல் நாளும் ரெண்டாம் நாள் காலையும் மட்டும். ரெண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல எந்த இடமும் போடல, டவுன்ல டச்சு பே கரையில சும்மா உட்கார்றதுன்னு மட்டும் எழுதியிருக்கோம். அதுக்குக் கட்டணம் கிடையாது.

நேத்து போன்ல, நீர்கொழும்புல ஒரு தடவை கடல் பார்த்த அந்த அம்மா கேட்டாங்க: கொழுந்து ஆய்ஞ்சு வெடிச்சுக் கிடக்கிற விரல்ல உப்புத் தண்ணி பட்டா எரியுமான்னு. எரியும்னு சொன்னோம். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப காலை மட்டும் நனைச்சுக்கிறேன்"னாங்க.